பின்னால் நகர்ந்த பத்தாம் நம்பர்: ஆந்த்ரேயா பிர்லோ

போன எபிசோடில் பிரஸ்ஸிங் பற்றிப் பேசினோம் இல்லையா, அதைக் கேட்டுவிட்டு ஒரு லிஸனர் மெயில் போட்டிருந்தார். "மிட்ஃபீல்டர்னா ஓடிட்டே இருக்கணும்னு சொல்றீங்க. அப்போ பிர்லோ எப்படிங்க பொழச்சார்?" படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. ஆனா நியாயமான கேள்வி. அதனால் இந்த எபிசோட் முழுக்க ஆந்த்ரேயா பிர்லோதான்.

நம் வயசுக்காரர்கள் பெரும்பாலும் பிர்லோவைப் பார்க்க ஆரம்பித்தது 2012 யூரோ கோப்பையில். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மாதிரி ஒரு முகம், கால் பட்டதும் 40 மீட்டர் தாண்டிப் போய் சரியான ஆள் காலில் விழுகிற பந்து. யூடியூபில் கிடைக்கும் வீடியோக்களும் அந்தக் கடைசிக் கால பிர்லோவைத்தான் அதிகம் காட்டுகின்றன. அதனால் ஒரு பிம்பம் உருவாகிவிட்டது: மற்ற பத்துப் பேரும் ஓடி ஓடிக் களைக்க, இவர் மட்டும் நின்ற இடத்திலிருந்தே ஆட்டத்தை நடத்திய பிறவி மேதை. உண்மை அப்படி இல்லைங்க. இன்டர் மிலன் அவரை 22 வயதில் கைகழுவியது. ஏசி மிலன் 32 வயதில் வழியனுப்பி வைத்தது. இந்த இரண்டு தடவையும் என்ன நடந்தது என்று பார்த்தால், பிர்லோ எப்படிப் பிழைத்தார் என்பது புரிந்துவிடும்.

முதுகு காட்டி நின்ற பையன்

1979 மே 19, வட இத்தாலியில் பிரெஷா நகரத்தை ஒட்டிய ஃப்ளேரோ என்ற ஊரில் பிறந்தவர். பிரெஷா கிளப்பின் ஜூனியர் அணிகளில் வளர்ந்தார். 16 வயது முடிந்து இரண்டே நாளில், 1995 மே 21 அன்று, ரெஜ்ஜானா அணிக்கு எதிராக சீரி ஆவில் முதல் ஆட்டம். பத்தாம் வகுப்பு முடித்த வயசு. நாமெல்லாம் அந்த வயசுல என்ன பண்ணிட்டு இருந்தோம்னு கேட்காதீங்க.

அப்போது அவர் ஆடிய இடத்துக்கு இத்தாலியில் 'த்ரெக்வார்திஸ்தா' என்று பெயர். முக்கால்வாசிக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். மைதானத்தின் நீளத்தை நாலாகப் பிரித்தால், மூணு பாகம் தாண்டுகிற இடத்தில், ஸ்ட்ரைக்கர்களுக்குக் கொஞ்சம் பின்னால் நின்று கோலுக்கு வழி செய்து கொடுப்பவர். நாம் சுருக்கமாகப் பத்தாம் நம்பர் என்போம். திறமையான பையன் கிடைத்தால் கோச்சுகள் முதலில் நிறுத்திப் பார்க்கிற இடம் இது.

1998ல் இன்டர் மிலன் அவரை வாங்கியது. சின்ன வயசில் இன்டர் ரசிகர் வேற. ஆனால் போன நேரம் சரியில்லை. அந்த ஒரே சீசனில் இன்டரில் நாலு கோச்சுகள் மாறினார்கள், லீகில் எட்டாவது இடம். அடுத்த வருஷம் ரெஜ்ஜீனாவுக்கு லோனில் போனார், அங்கே நன்றாகவே ஆடினார். 2000ல் இத்தாலியின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்குக் கேப்டனாகப் போய் யூரோ கோப்பையை வென்றார். பைனலில் செக் அணிக்கு எதிராக இத்தாலி அடித்த இரண்டு கோலும் அவருடையது. அந்த அணிக்குக் கோச், 1982 உலகக் கோப்பை ஹீரோ மார்கோ தார்தெல்லி. சில மாதத்தில் அதே தார்தெல்லி இன்டருக்குக் கோச்சாக வந்தார். அப்புறமென்ன, வாய்ப்பு கொட்டும்னுதானே நினைப்போம்? கொட்டவில்லை. அந்த சீசனில் பிர்லோ இன்டருக்கு ஆடிய லீக் ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஏன்? இங்கேதான் விஷயம் இருக்கு. பத்தாம் நம்பருக்குப் பந்து வரும்போது, பெரும்பாலும் அவர் எதிரணி கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். முதுகுக்குப் பின்னால் மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் ஒரு டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்டர். பந்தை வாங்கி, அவரை ஏமாற்றி, திரும்பி, அதுக்கப்புறம்தான் பாஸ். இதற்கு முதல் ரெண்டு மூணு அடியில் வெடிக்கிற வேகம் வேண்டும், இல்லையென்றால் இடித்துத் தள்ளுகிற உடம்பு வேண்டும். பிர்லோவிடம் இரண்டும் சுமார். அவரிடம் இருந்தது பார்வை. இருபது பேர் எங்கே நிற்கிறார்கள், அடுத்த இரண்டு விநாடியில் எங்கே இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே படிக்கிற பார்வை. ஆனா முதுகு காட்டி நிக்கிறவனுக்கு அந்தப் பார்வையால என்ன பிரயோஜனம்?

2001 ஜனவரியில் மறுபடி பிரெஷாவுக்கே லோன். பார்க்கிறவர்களுக்கு அது பின்வாங்கல் மாதிரிதான் தெரிந்திருக்கும்: பெரிய கிளப்புக்குப் போன பையன் ஊருக்கே திரும்பி வந்துட்டான்.

அங்கே கோச் கார்லோ மட்சோனே. 60 தாண்டிய ரோமாபுரிக்காரர், சத்தமாகப் பேசுகிற, மைதானத்து ஓரத்தில் கை கால் ஆட்டிக் கத்துகிற மனிதர். அவரிடம் பத்தாம் நம்பர் ஏற்கெனவே இருந்தார். சாதாரண ஆள் இல்லை, ராபர்ட்டோ பாஜ்ஜோ. பாஜ்ஜோவை உட்காரவைத்து இன்னொருத்தரை அந்த இடத்தில் இறக்க இத்தாலியில் யாருக்கும் தைரியம் வராது. அதனால் மட்சோனே பிர்லோவை முப்பது நாற்பது மீட்டர் பின்னால் இழுத்து, டிஃபென்டர்களுக்கு நேர் முன்னால் நிறுத்தினார். இடமில்லாததால் செய்த ஏற்பாடா, தொலைநோக்கா என்று கேட்டால், இரண்டும் கலந்தது என்றுதான் நான் சொல்வேன். வேறு யாராக இருந்தாலும் பெஞ்சில் உட்காரவைத்திருப்பார்.

2001 ஏப்ரல் 1, தூரின் நகரில் யுவென்டஸுக்கு எதிரான ஆட்டம். பிரெஷா ஒரு கோல் பின்தங்கி இருக்கிறது. நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து பிர்லோ ஒரு நீளமான பந்தைத் தூக்கிப் போடுகிறார். பாஜ்ஜோ டிஃபென்டர்களைத் தாண்டி ஓடுகிறார், பந்து அவர் தோளுக்கு மேல் வந்து இறங்குகிறது. முதல் தொடுதலிலேயே அதைக் கட்டுப்படுத்தி, அதே தொடுதலில் கோல்கீப்பர் வான் டெர் சாரையும் கடந்து, காலி கோலில் தட்டிவிட்டார். 1-1. பாஜ்ஜோவின் அந்தத் தொடுதலைத்தான் எல்லோரும் பேசுவார்கள், பேச வேண்டியதும்தான். ஆனா அடுத்த முறை பார்க்கும்போது வீடியோவை மூணு விநாடி பின்னாடி போய் பாருங்க. பந்து கிளம்புற இடத்தைப் பாருங்க. இடிக்க ஆளில்லாமல், மைதானம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்க, பிர்லோ நிற்கிறார். அன்றைக்கு யுவென்டஸ் பெஞ்சில் கோச்சாக உட்கார்ந்து இதைப் பார்த்தவர் யார் தெரியுமா? கார்லோ ஆஞ்சலோட்டி.

அந்த லோனில் பிர்லோ ஆடியது மொத்தம் 10 லீக் ஆட்டங்கள்தான். அவர் போனதும் அந்த இடத்துக்கு பிரெஷா கொண்டுவந்த ஆள் பெப் குவார்டியோலா. மட்சோனேயின் ரசனையைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும்.

டைரக்டர் வேலை

2001 கோடையில் இன்டர் அவரை ஏசி மிலனுக்கு விற்றது. இரண்டு கிளப்பும் ஒரே ஊர், ஒரே ஸ்டேடியம், பரம எதிரிகள். அடுத்த வருஷமே கிளாரன்ஸ் சீடார்ஃபையும் அதே எதிரி வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். இன்டர் ரசிகர்கள் இன்னும் ஆறாமல் இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

அந்த நவம்பரில் மிலனுக்குக் கோச்சாக வந்தவர் ஆஞ்சலோட்டி. அவருடைய தலைவலி வித்தியாசமானது: ரூயி கோஸ்டா, பிறகு சீடார்ஃப், ரிவால்டோ என்று பந்தை வைத்து யோசிக்கிற ஆட்கள் அதிகம், இடம் குறைவு. பிர்லோவே வந்து, டிஃபென்டர்களுக்கு முன்னால் நான் ஆடுகிறேன், மட்சோனேயிடம் ஆடியிருக்கிறேன் என்று கேட்டதாக ஆஞ்சலோட்டி பிற்பாடு சொல்லியிருக்கிறார். அவருக்கே முதலில் சந்தேகம்தான். காரணம், அந்த இடம் அப்போது எதிரியை இடித்துப் பந்தைப் பறிக்கிறவர்களுடையது. ஆஞ்சலோட்டி தானே ஆடுகிற காலத்தில் நடு மைதானத்தில் உழைத்தவர்.

ஒத்துக்கொண்டார். மிட்ஃபீல்டை ஒரு வைர வடிவத்தில் அடுக்கினார். கீழ் முனையில் பிர்லோ, வலது பக்கம் கட்டூசோ, இடது பக்கம் சீடார்ஃப், மேல் முனையில் ரூயி கோஸ்டா, 2003க்குப் பிறகு காகா. பிர்லோவின் இந்த இடத்துக்கு இத்தாலியில் பெயர் 'ரெஜிஸ்தா'. சினிமா டைரக்டருக்கும் அவர்கள் மொழியில் இதே சொல்தான்.

இது ஏன் வேலை செய்தது? மூணு விஷயம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. பின்னால் நிற்பதால் பந்து வரும்போதே பிர்லோவின் முகம் எதிரணி கோலை நோக்கி இருக்கிறது, திரும்ப வேண்டிய வேலையே இல்லை. அப்புறம், எதிரணியின் வேகமான, முரட்டு ஆட்கள் எல்லாம் அவர்கள் பக்கத்தில் காகாவைக் காவல் காத்துக்கொண்டிருப்பார்கள். பிர்லோவை நெருங்கி வரவேண்டியது ஒரு ஸ்ட்ரைக்கர், அவருக்கோ பின்னால் ஓடித் துரத்துவது பிடிக்காத வேலை. கடைசியாக, பந்து பறிபோனால் துரத்துவதற்கு கட்டூசோ இருக்கிறார். தெற்கே கலாப்ரியாவிலிருந்து வந்த, நுரையீரல் மூணு இருக்கிற மாதிரி ஓடுகிற மனிதர். பிர்லோ அவரைக் கிண்டல் பண்ணியே சாகடிப்பார், அவர் சாப்பாட்டு மேஜையில் ஃபோர்க்கைத் தூக்கிக்கொண்டு துரத்துவார். ஆனால் மைதானத்தில் கட்டூசோ இல்லாமல் அந்த பிர்லோ இல்லை. இதை பிர்லோ ரசிகர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

"ஓடவே மாட்டார்" என்பதும் பாதி உண்மைதான். ஸ்பிரின்ட் அடிக்க மாட்டார், அது சரி. ஆனால் ஒரு முழு ஆட்டத்தில் கேமரா பந்தை விட்டு விலகும் தருணங்களில் அவரை மட்டும் கவனித்துப் பாருங்கள். இடது பக்கம் ரெண்டு அடி, பின்னால் மூணு அடி, தோளுக்கு மேல் ஒரு பார்வை, மறுபடி ரெண்டு அடி. பந்து வைத்திருப்பவருக்கும் தனக்கும் நடுவில் எதிரியின் கால் வராத ஒரு கோட்டை ஓயாமல் திறந்துகொண்டே இருக்கிறார். யாரும் கைதட்டாத ஓட்டம் அது. பந்து வந்தபிறகு அவர் யோசிப்பதில்லை. யோசனை எல்லாம் பந்து வருவதற்கு முன்னாலேயே முடிந்திருக்கும்.

2003ல் சாம்பியன்ஸ் லீக், 2004ல் சீரி ஆ என்று மிலன் அள்ளியது. 2005 இஸ்தான்புல் கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். முதல் நிமிஷத்திலேயே பிர்லோவின் ஃப்ரீகிக்கில் மால்தீனி கோல், பாதி நேரத்தில் லிவர்பூலுக்கு எதிராக 3-0, முடிவில் 3-3, பெனால்டியில் தோல்வி. பிர்லோ அடித்த பெனால்டியை டூடெக் தடுத்தார். அந்தத் தோல்விக்குப் பிறகு ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்ததாகத் தன் சுயசரிதையில் சொல்கிறார். முகத்தில் எதையும் காட்டாத ஆளுக்கு உள்ளே எதுவும் ஓடாது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். 2007ல் ஏதென்ஸில் அதே லிவர்பூலை 2-1 என வென்றார்கள். முதல் கோல், பிர்லோவின் ஃப்ரீகிக் இன்ட்சாகி மேல் பட்டுத் திரும்பியது.

நடுவில் 2006 உலகக் கோப்பை. கானாவுக்கு எதிராக இத்தாலியின் முதல் கோலே பிர்லோ அடித்ததுதான். ஆனா நான் இங்கே நிறுத்திப் பேச நினைப்பது ஜூலை 4, டார்ட்மண்ட், ஜெர்மனிக்கு எதிரான செமிஃபைனல். 119வது நிமிஷம், 0-0. இன்னும் ஒரு நிமிஷம் போனால் பெனால்டி, பெனால்டியில் ஜெர்மனி பயங்கரமான டீம். கார்னரில் இருந்து வெளியே வந்த பந்து பெட்டியின் விளிம்பில் பிர்லோவிடம் வருகிறது. நாமா இருந்தா அடிச்சிருப்போம். சுத்தி இருந்த ஜெர்மன்காரங்களும் அவர் அடிப்பார்னுதான் நினைச்சாங்க. அவர் அடிக்கவில்லை. வலது பக்கமாகப் பந்தை மெல்ல நகர்த்திக்கொண்டே போகிறார். ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு டிஃபென்டர் அவரை நோக்கி இழுபடுகிறார். பிறகு முகத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு பந்தை இன்னொரு பக்கம் நழுவ விடுகிறார், அங்கே ஃபாபியோ க்ரோஸ்ஸோ தனியாக நிற்கிறார். இடது காலால் வளைத்து அடித்த கோல். 120 நிமிஷம் ஆடி எல்லோருக்கும் கால் கனத்துப் போன நேரத்தில், அவசரப்படாமல் இருந்தது அந்த ஒரு ஆள்தான்.

பெர்லினில் நடந்த பைனலில் இத்தாலியின் கோலும் பிர்லோவின் கார்னரிலிருந்து மாதெராட்சி தலையால் அடித்தது. ஆமா, அதே மாதெராட்சிதான், பின்னாடி நம்ம சென்னையின் எஃப்சிக்குக் கோச்சாக வந்து 2015ல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். பெனால்டி வரிசையில் முதல் ஆளாகப் போய் பிர்லோ கோல் போட்டார். பைனலின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே.

ஓட்டை எங்கே

நம்ம சாஃப்ட்வேர் வேலையில் ஒரு பயம் உண்டு. எல்லா ரிக்வெஸ்டும் ஒரே சர்வர் வழியாகப் போனால், அந்த ஒன்று விழுந்தால் மொத்தமும் படுத்துவிடும். மிலனின் கட்டமைப்பில் அந்த சர்வர் பிர்லோ. இதைப் பச்சையாகப் பயன்படுத்தியவர் அலெக்ஸ் ஃபெர்குசன். 2010 சாம்பியன்ஸ் லீகில் மான்செஸ்டர் யுனைடெட்டின் பார்க் ஜி-சுங்குக்கு அவர் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: பிர்லோ எங்கே போனாலும் நீ அங்கே இரு. பார்க் கட்டூசோவையே மிஞ்சுகிற ஓட்டக்காரர். இரண்டு ஆட்டமும் சேர்த்து 7-2. பிர்லோ காணாமலே போனார். அந்த நிழலை அவர் தன் புத்தகத்தில் மறக்காமல் எழுதியிருக்கிறார், கொஞ்சம் கடுப்போடுதான்.

அடுத்த சீசனில் மிலன் கோச் மாஸ்ஸிமிலியானோ அல்லெக்ரி அந்த இடத்தில் முரட்டு ஆள் வேண்டும் என்று முடிவு செய்து வான் பொம்மெலை நிறுத்தினார். பிர்லோவுக்குக் காயங்களும் சேர்ந்துகொண்டன. மிலன் லீகை வென்றது, அதனால் முடிவு தப்பு என்று அன்றைக்கு யாரும் சொல்ல முடியவில்லை. பத்து வருஷம் ஆடியவருக்குப் பிரிவுப் பரிசாகக் கிடைத்தது ஒரு பேனா. நல்ல, விலை உயர்ந்த பேனாதான். ஆனாலும் பேனா. அவருடைய சுயசரிதையே அந்தப் பேனாவில்தான் ஆரம்பிக்கிறது.

யுவென்டஸ் ஒரு காசு டிரான்ஸ்ஃபர் கட்டணம் கொடுக்காமல் அவரை எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய இரண்டு சீசனிலும் ஏழாவது இடம் பிடித்திருந்த அணி. ட்ரெய்னிங்கில் பிர்லோ ஆடுவதைப் பார்த்ததும் கடவுள் இருக்கிறார் என்று தோன்றியதாக பஃபோன் சொன்னது பிரபலம். 2011-12 சீசனில் யுவென்டஸ் 38 ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 23 வெற்றி, 15 டிரா. கோலுக்கு முந்தைய கடைசி பாஸ் மட்டும் பிர்லோ 13 கொடுத்தார்.

இங்கே கோச் அந்தோனியோ கோன்தே செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பார்க் வைத்தியத்துக்கு மாற்று மருந்து கண்டுபிடித்தார். பிர்லோவின் இரு பக்கமும் விடாலும் மார்கீசியோவும், இருவரும் ஓயாமல் ஓடுபவர்கள். பின்னால் மூன்று டிஃபென்டர்கள், நடுவில் பொனூச்சி. பொனூச்சிக்கும் நீளமான பாஸ் போடத் தெரியும். எதிரணி பிர்லோ மேல் ஒரு ஆளை ஒட்டவைத்தால், பிர்லோ சும்மா அந்த ஆளை இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் நடந்து போவார், திறந்த வழியில் பொனூச்சி பந்தை அனுப்புவார். ஆக, பிர்லோவைத் தடுத்தாலும் ஆட்டம் நிற்காது. மிலனில் இல்லாதது இதுதான். தொடர்ந்து நாலு லீக் பட்டம், 2012 முதல் 2015 வரை. கடைசியாக வென்ற வருஷம் கோச்சாக இருந்தவர், மிலனில் அவரை ஓரங்கட்டிய அதே அல்லெக்ரி.

ஃப்ரீகிக் பற்றிச் சொல்லாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள். லியோன் அணியின் பிரேசில்காரர் ஜூனின்யோ அடிக்கிற விதத்தைப் புரிந்துகொள்ள பிர்லோ வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார். பதில் தோன்றிய இடம் கழிப்பறை என்று அவரே எழுதியிருக்கிறார். பந்தின் எந்த இடத்தில் அடிக்கிறார் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எப்படி அடிக்கிறார் என்று பார்க்க வேண்டுமாம். பந்துக்கு அடியில், மூன்று விரல் மட்டும் படும்படி அடித்தால், பந்து சுழலாமல் மேலே போய் திடீரென்று கீழே விழும். சீரி ஆவில் அவர் நேரடி ஃப்ரீகிக்கில் அடித்தது 26 கோல். அவருக்கு மேல் இருப்பவர் மிஹாய்லோவிச் மட்டும், 28.

2012 யூரோவில் இங்கிலாந்துக்கு எதிரான பெனால்டியும் அதே வகைக் கணக்குதான். கீவ் நகரம், மோன்தோலீவோ தவறவிட்டுவிட்டார், இத்தாலி 2-1 என்று பின்தங்கி இருக்கிறது. இங்கிலாந்து கோல்கீப்பர் ஜோ ஹார்ட் கோடு மேல் குதித்து, முகத்தைக் கோணி பயமுறுத்திக்கொண்டிருக்கிறார். பிர்லோ ஓடி வந்து, பந்தை நடுவில் மெதுவாகத் தூக்கிவிட்டார். ஹார்ட் ஏற்கெனவே ஒரு பக்கம் பாய்ந்துவிட்டார். ஸ்டைல் காட்டினார்னு நிறைய பேர் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. முன்கூட்டியே பாயத் துடிக்கிற கீப்பருக்கு எதிராக நடுப்பக்கம்தான் பாதுகாப்பான இடம். அடுத்து வந்த ஆஷ்லி யங் பந்தைக் கம்பத்தில் அடித்தார், அதற்கடுத்த ஆஷ்லி கோலின் பந்தை பஃபோன் பிடித்தார்.

2015 ஜூன் 6, பெர்லின். ஒன்பது வருஷத்துக்கு முன் உலகக் கோப்பை வென்ற அதே ஸ்டேடியம். சாம்பியன்ஸ் லீக் பைனலில் பார்சிலோனாவிடம் யுவென்டஸ் 3-1 தோல்வி. யுவென்டஸுக்காக அவருடைய கடைசி ஆட்டம். முகத்தில் எதையும் காட்டாத மனிதர் அன்று மைதானத்தில் அழுதார். பிறகு நியூயார்க் சிட்டியில் இரண்டரை வருஷம், 2017ல் ஓய்வு. இத்தாலிக்காக 116 ஆட்டம்.

கோச் பிர்லோ கதை சீக்கிரம் முடிந்துவிடும். 2020 ஜூலை 30 அன்று யுவென்டஸின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு நியமித்தார்கள். ஒன்பது நாளில், ஒரு ஆட்டத்துக்குக்கூடக் கோச்சாக நிற்காதவரைத் தூக்கி சீனியர் அணிக்கே கோச்சாக்கிவிட்டார்கள். இத்தாலியக் கோப்பையும் சூப்பர் கோப்பையும் வந்தன, ஆனால் ஒன்பது வருஷம் தொடர்ந்து வந்த லீக் பட்டம் போனது. நாலாவது இடமே கடைசி நாளில்தான் உறுதியானது. ஒரே சீசனில் அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் யார்னு நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க: அல்லெக்ரி.

கோச் லைசென்ஸுக்காக அவர் ஒரு ஆய்வறிக்கை எழுதினார். தலைப்பு, 'நான் விரும்பும் கால்பந்து'. அதன் மையம் இரண்டு விஷயம்: பந்து நம்மிடமே இருக்க வேண்டும், பறிபோனால் அந்த நொடியே எல்லோரும் பாய்ந்து அதைத் திரும்பப் பிடுங்க வேண்டும். அந்த அணியில் 22 வயசு பிர்லோ வந்து நின்றிருந்தால், கோச் பிர்லோ எங்கே நிறுத்தியிருப்பார்? கமென்ட்டில் சண்டை போடுங்க, படிக்கிறேன். அடுத்த எபிசோடில் கட்டூசோ.